கேட்டை மூடாதீங்க: நம்ம சர்வீஸுக்கு சாக்கெட் ஆக்டிவேஷன்

போன எபிசோட்ல சிஸ்டம்டிக்கு யூனிட் ஃபைல் எழுதறதைப் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ரெண்டு மூணு பேர், "டாட் சர்வீஸ் ஃபைல் பக்கத்துலயே டாட் சாக்கெட்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?"ன்னு கேட்டிருந்தாங்க. எனக்கே அது ரொம்ப நாள் தெரியாது. ஒரு ராத்திரி மாட்டிக்கிட்ட பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நாமக்கல்ல ஒரு லாரி ஓனருக்கு நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். நாற்பது வண்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜிபிஎஸ் பெட்டி. முப்பது செகண்டுக்கு ஒரு தடவை வண்டி எங்க இருக்கு, என்ன வேகம்னு ஒரு வரி அனுப்பும். அதை வாங்கி டேட்டாபேஸ்ல போடறது என் பைதான் புரோகிராம். ஒரு டிசிபி போர்ட், ஒரு சர்வர், அவ்வளவுதான்.

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி. லாரி ஓடாத நேரம்னு நானா நினைச்சுக்கிட்டு (லாரி ஓடறதே ராத்திரிலதான்னு அப்ப உறைக்கல) புதுக் கோடைப் போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினேன். ஐஞ்சே செகண்ட். படுக்கப் போயிட்டேன். போன் வருது. "தம்பி, பெங்களூர்ல இருந்து வர்ற வண்டி தொப்பூர் இறக்கத்துல அப்படியே நிக்குது. டிரைவர் போனை எடுக்க மாட்டேங்கறான். என்னாச்சுன்னு பாரு." தொப்பூர் கணவாயில வண்டி நிக்குதுன்னா இந்தப் பக்கத்து லாரிக்காரங்களுக்கு என்ன தோணும்னு சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷம் கழிச்சு வண்டி தீவட்டிப்பட்டி பக்கம் மேப்புல வந்துச்சு. டிரைவர் ஒழுங்காத்தான் ஓட்டிட்டு வந்திருக்கார், அதனாலதான் போனையும் எடுக்கல. தப்பு என்னோடது.

நடந்தது இதுதான். புரோகிராம் நின்னதும் எல்லாப் பெட்டியோட கனெக்‌ஷனும் அறுந்துது. பெட்டிங்க உடனே திரும்பக் கூப்பிடுச்சு. என் புரோகிராமோ பழைய விவரத்தையெல்லாம் டேட்டாபேஸ்ல இருந்து ஏத்திட்டு, அதுக்கப்புறம்தான் போர்ட்டைத் திறக்கும். அந்த ஐஞ்சு செகண்ட்ல கூப்பிட்ட பெட்டிக்கெல்லாம் கெர்னல் "இங்க யாரும் இல்லை"ன்னு சொல்லிடுச்சு. அப்படி ஒரு தடவை மறுத்துட்டா, அந்த மாடல் பெட்டி பத்து நிமிஷம் தூங்கிடும்.

நம்ம ஊர் சேகோ பேக்டரியை நினைச்சுக்கோங்க. குச்சிக்கிழங்கு சீசன்ல லோடு வண்டி வந்துட்டே இருக்கும். எடை போடறவர் டீ குடிக்கப் போயிட்டா என்ன ஆகும்? கேட் திறந்திருந்தா வண்டி உள்ள வந்து வரிசையில நிக்கும், ஒண்ணும் கெட்டுப் போகாது. கேட்டே பூட்டியிருந்தா, டிரைவர் வேற பேக்டரிக்குப் போயிடுவார். என் புரோகிராம்ல எடை போடறவர் கையிலயே கேட் சாவியும் இருந்துது. அவர் போனா கேட்டும் மூடிடும்.

சாக்கெட் ஆக்டிவேஷன்னா அந்தச் சாவியைப் பிடுங்கி வாட்ச்மேன் கையில கொடுக்கறது. வாட்ச்மேன் சிஸ்டம்டி. போர்ட்டைத் திறந்து வெச்சிருக்கறது அது. முதல் கனெக்‌ஷன் வந்ததும் சர்வீஸை எழுப்பி, திறந்த சாக்கெட்டை அது கையில கொடுக்கும். சர்வீஸ் நின்னாலும் சிஸ்டம்டி தன்கிட்ட இருக்கற பிரதியை மூடாது. நடுவுல வர்ற கனெக்‌ஷன் கெர்னலோட வரிசையில காத்திருக்கும். பெட்டியைப் பொறுத்தவரைக்கும் கனெக்‌ஷன் கிடைச்சாச்சு. அது அனுப்பற முதல் வரிகூட கெர்னல் பஃபர்ல பத்திரமா இருக்கும்.

இது புது யோசனையும் இல்லைங்க. 1986ல வந்த 4.3 பிஎஸ்டியிலயே ஐநெட்டி இருந்துது. அது பெரும்பாலும் கனெக்‌ஷனுக்கு ஒரு புரோசஸ் கிளப்பும். ஆப்பிள் 2005ல லாஞ்ச்டியில இதை வேற மாதிரி பண்ணினாங்க. 2010ல லெனார்ட் பொட்டரிங் சிஸ்டம்டியை அறிவிச்சப்போ, லாஞ்ச்டியில இருந்து எடுத்துக்கிட்டதா சொன்ன முக்கியமான விஷயமே இதுதான்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒலியில கோட் வாசிச்சா தூக்கம்தான் வரும், அதனால வாய் வார்த்தையாவே சொல்றேன். சர்வீஸ் ஃபைலோட அதே பேர்ல ஒரு டாட் சாக்கெட் ஃபைல். அதுல லிசன்ஸ்ட்ரீம்னு ஒரு வரி, அதுக்கு எதிர்ல போர்ட் நம்பர். இன்ஸ்டால் பகுதியில சாக்கெட்ஸ் டார்கெட். ஃபைல் வேலை முடிஞ்சுது.

கோட்ல மாத்தறதும் கொஞ்சம்தான். நீங்களே சாக்கெட் உண்டாக்கி, பைண்ட் பண்ணி, லிசன் பண்றதை எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா லிசன்_எஃப்டிஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிளைப் பாருங்க. எத்தனை சாக்கெட் கொடுத்திருக்குன்னு அதுல இருக்கும். அதோட வர்ற லிசன்_பிஐடி உங்க புரோசஸ் நம்பர்தானான்னும் பார்த்துக்கணும். முதல் சாக்கெட் எப்பவும் மூணாம் நம்பர் ஃபைல் டிஸ்கிரிப்டர், ஏன்னா சைபரும் ஒண்ணும் ரெண்டும் ஏற்கெனவே பேசி முடிச்சது. பைதான்ல சாக்கெட் உண்டாக்கும்போது ஃபைல்நோ மூணுன்னு கொடுத்தா முடிஞ்சுது. வேரியபிள் இல்லைன்னா பழையபடி தானே பைண்ட் பண்ணிக்கற மாதிரியும் எழுதி வெச்சிருக்கேன், லேப்டாப்ல ஓட்டிப் பார்க்க வசதி. சிஸ்டம்டியோட வர்ற சிஸ்டம்டி-சாக்கெட்-ஆக்டிவேட் கமாண்ட்லயும் சோதிச்சுப் பார்க்கலாம்.

என் சர்வீஸையும் தனியா எனேபிள் பண்ணியே வெச்சிருக்கேன். நாற்பது பெட்டி கூப்பிடற இடத்துல, முதல் ஆள் வந்தப்புறம் எழுப்பலாம்னு காத்திருக்க என்ன இருக்கு? எனக்கு வேண்டியது அந்த வரிசை மட்டும்தான்.

இனி நான் அடிபட்ட இடங்கள். சர்வீஸை ஸ்டாப் பண்ணினேன், ரெண்டு செகண்ட்ல தானா எழுந்துடுச்சு. பேய் இல்லைங்க, பெட்டி கூப்பிட்டிருக்கு, சாக்கெட் எழுப்பியிருக்கு. நிஜமாவே நிறுத்தணும்னா முதல்ல சாக்கெட்டை நிறுத்தணும். சிஸ்டம்டி எச்சரிக்கையும் காட்டியிருந்துது, நான்தான் படிக்கல.

இன்னொரு தடவை ஒரு காற்புள்ளியை விட்டுட்டேன். புரோகிராம் எழுந்து எழுந்து விழுந்துது. வழக்கமான கணக்குப்படி 10 செகண்ட்ல 5 தடவைதான் ஸ்டார்ட் பண்ண விடும். அதைத் தாண்டினா சர்வீஸோட சேர்த்து சாக்கெட்டும் தோத்துப்போன நிலைக்குப் போயிடும், போர்ட் மூடிடும். கோடைத் திருத்தினா மட்டும் போதாது, சாக்கெட்டையும் மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்.

போர்ட் நம்பரை எங்க மாத்தறதுங்கறது அடுத்த குழப்பம். உபுண்டு 22.10ல எஸ்எஸ்ஹெச் சர்வரையே சாக்கெட் ஆக்டிவேஷனுக்கு மாத்தினாங்க. யாரும் உள்ள வராத சர்வர்ல குறைஞ்சது 3 மெகாபைட் மெமரி மிச்சம்னு காரணம் சொன்னாங்க. அதுக்கப்புறம் பழக்கதோஷத்துல எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்ல போர்ட்டை மாத்தினவங்களுக்கு ஒண்ணுமே நடக்கல. கேட் இப்ப வாட்ச்மேன்கிட்ட, நீங்க எடை போடறவர்கிட்ட போய்ச் சொன்னா எப்படி? 24.04ல அந்த கான்ஃபிக்கைப் படிச்சு சாக்கெட்டுக்குச் சொல்ற ஜெனரேட்டர் வந்துடுச்சு. அதுலயும் மாத்தினப்புறம் டெமன்-ரீலோட் பண்ணி சாக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணணும். தொலைவுல இருக்கற சர்வர்னா, இன்னொரு செஷனைத் திறந்து வெச்சுக்கிட்டு இதைச் செய்யுங்க.

ஒண்ணை ஒளிக்காம சொல்லிடறேன். காப்பாத்தறது வாசலை மட்டும்தான். ஏற்கெனவே உள்ள வந்த கனெக்‌ஷன் ரீஸ்டார்ட்ல அறுந்துதான் போகும். அந்த நேரத்துல பாதி வழியில இருந்த ஒரு வரி போயிடலாம். சிக்டெர்ம் வந்ததும் கையில இருக்கறதைப் படிச்சு முடிச்சுட்டு மூடற மாதிரி எழுதினேன், அதனால இழப்பு குறைஞ்சுது, சுத்தமா நிக்கல. திறந்த கனெக்‌ஷனையே சிஸ்டம்டிகிட்ட கொடுத்து வெச்சு வாங்க ஃபைல் டிஸ்கிரிப்டர் ஸ்டோர்னு ஒண்ணு இருக்கு. முப்பது செகண்டுக்கு ஒரு வரி அனுப்பற பெட்டிக்கு அவ்வளவு தூரம் போகணும்னு எனக்குத் தோணல.

இப்பவும் ராத்திரிலதான் ரீஸ்டார்ட் பண்றேன். பண்ணினதும் மேப்பைத் திறந்து, தொப்பூர் பக்கம் வண்டி ஏதாவது இருந்தா அது நகருதான்னு பார்த்துட்டுத்தான் படுப்பேன்.