ஐநூற்று ஓராவது யூனிட்

குடும்பக் கணக்கு – 14

விரிஞ்சிபுரத்தில், மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் பேர்போன மதிலுக்குப் பின்புறத் தெருவில், ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்த வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்தேன். 2025 பிப்ரவரி–மார்ச் கணக்கில் 310 யூனிட், 752 ரூபாய். அதற்கடுத்த ஏப்ரல்–மே கணக்கில் 612 யூனிட், 2,993 ரூபாய். அந்த வீட்டு அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்ப்பவர். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார். "ரெண்டு மடங்கு ஓடினா ரெண்டு மடங்குதானே சார் வரணும்? நாலு மடங்கு இன்னாத்துக்கு வருது?" என்று கேட்டார். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பது அவருடைய சந்தேகம்.

மீட்டரில் கோளாறு இல்லை. கட்டண அட்டவணையே அப்படித்தான்.

2024 ஜூலையில் வந்து, 2025-ல் வீடுகள் கட்டிய கணக்கு இது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா அறிவித்தது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆக, சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,805 ரூபாய். ஐநூற்றைத் தாண்டியதும் வீடு வேறு பட்டியலுக்குப் போய்விடுகிறது. அந்தப் பட்டியலில் 2.35 என்ற படியே கிடையாது, 101-லிருந்தே 4.70. ஐநூற்றுக்கு மேல் ஓடுவதற்கு 8.40, அறுநூற்றைத் தாண்டினால் 9.45, அப்படியே ஏறி ஆயிரத்துக்கு மேல் 11.55. 501 யூனிட்டுக்கு பில் 2,048 ரூபாய் 40 காசு. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். 2025 ஜூலையில் வந்த 3.16 சதவீத உயர்வை வீடுகளுக்காக அரசு ஏற்றுக்கொண்டதால் இந்த எண்கள் அப்போது மாறவில்லை.

இரண்டு மாதத்துக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் சொச்சம். குளிர்நாடுகளில் வீட்டை எதைக் கொண்டு சூடாக்குவது, கேஸா கரண்டா விறகா என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. வேலூர் மாவட்டத்தில் அதே கேள்வி தலைகீழாக வருகிறது: வீட்டை எதைக் கொண்டு ஆற்றுவது? 2024 மே முதல் வாரம் வேலூரில் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி நின்றது. அந்த வாரம், மே 2-ஆம் தேதி, தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. இந்த ஊரில் ஏ.சி. வாங்குகிறவரை ஆடம்பரக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஏ.சி.யை முதலில் வாங்குவது தவறு என்பேன். அந்த 612 யூனிட் எங்கெங்கே போயிற்று என்று பார்த்தால் காரணம் தெரியும்.

வீட்டில் மூன்று சீலிங் ஃபேன். பழைய மாடல், ஒவ்வொன்றும் 75 வாட். கோடையில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றுகின்றன. வயதான மாமியார் பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஃபேன் மட்டுமே 202 யூனிட். ஏ.சி. இரவில் நான்கு மணி நேரம்தான், ஏறத்தாழ 215 யூனிட். ஃபிரிட்ஜ் 65. தண்ணீர் மோட்டார் இருபது சொச்சம். டிவி, விளக்கு, மிக்ஸி, வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து மிச்சம் நூறு. ஏ.சி. தின்றதும் ஃபேன்கள் தின்றதும் கிட்டத்தட்ட ஒன்றே! இதைச் சொன்னபோது அந்த அம்மா நம்பவில்லை. ஃபேன் எப்போதும் சுற்றுவது. அதைச் செலவாக யாரும் நினைப்பதில்லை.

இப்போது பி.எல்.டி.சி. ஃபேன் என்று ரிமோட்டோடு விற்கிறார்களே, அது 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. மூன்றையும் மாற்றினால் 202 யூனிட் 81 ஆகிவிடும். 612 யூனிட் பில் 491 ஆகும். 491-க்குக் கட்ட வேண்டியது 1,748 ரூபாய். ஒரே பில்லில் 1,245 ரூபாய் மிச்சம். மூன்று ஃபேனுக்கு ஒன்பதாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், கோடையில் இரண்டு பில், மற்ற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சம் என்று சேர்த்தால் இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் திரும்பிவிடும். லோ வோல்டேஜ் நேரத்திலும் வேகம் குறையாமல் சுற்றும் என்பது கிராமத்து லைனில் இருப்பவர்களுக்குக் கூடுதல் லாபம். வாங்கும்போது எலக்ட்ரீஷியனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பழைய ரெகுலேட்டரோடு இதை இணைக்கக் கூடாது.

அடுத்தது தளம். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேல்மாடி வீடாக இருந்தால் சூடு கையில் தெரியும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், கம்பெனி விட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில் அதை உள்ளே இறக்குகிறது. முன்பெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். இப்போது செலவைக் குறைக்க அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். மொட்டைத் தளத்தில் சிமெண்ட் பூசி முடித்துவிடுகிறார்கள். அந்தக் குறையை ஆயுள் முழுக்க ஏ.சி. சுமக்கிறது.

தட்டோடு பதிக்க இப்போது பணமில்லை என்றால் வெள்ளையடிக்கலாம். மாசியில் தளத்தை நன்றாகக் கழுவி, சுண்ணாம்போடு பசை கலந்து இரண்டு மூன்று கோட் அடித்தாலே அறைச்சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மழையில் கரையும், அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும்; ஆனால் கைக்காசில் முடிகிற வேலை. கூல் ரூஃப் பெயிண்ட் சில வருடம் தாங்கும். தெலங்கானா 2023-லேயே இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. நம் மாவட்டத்துக்கும் அது வேண்டும், குறிப்பாகத் தொகுப்பு வீடுகளுக்கு. 2011-ல் வீட்டுக்கு வீடு மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது தமிழ்நாடு அரசு. தளத்துக்கு வெள்ளையும் 30 வாட் ஃபேனும் கொடுத்தால், ஒவ்வொரு பில்லிலும் தான் கட்டுகிற மானியத்தில் ஒரு பங்கு அரசுக்கே மிச்சமாகும்.

இந்த இரண்டையும் முடித்தபின் ஏ.சி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, தளம் ஆறிய வீட்டில், ஒரு டன் போதும். ஐந்து ஸ்டாரா மூன்று ஸ்டாரா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. ஒன்றரை டன்னில், 2025 மாடல்களின் லேபிளில் போட்டிருந்த 1,600 மணி நேரக் கணக்குப்படி ஐந்து ஸ்டார் 750–800 யூனிட்டும் மூன்று ஸ்டார் 950–1,000 யூனிட்டும் எடுக்கும். இரவில் மட்டும் எட்டு மணி நேரம் போடுகிற வீட்டுக்கு, இரண்டு மாதத்தில் வித்தியாசம் அறுபது யூனிட்தான். விலையில் எட்டாயிரம், பத்தாயிரம் கூடக் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்கு முதலில் ஃபேனை மாற்றுங்கள். அதில் கிடைப்பது இதைப் போல இரண்டு மடங்கு. பகலிலும் ஏ.சி. ஓடுகிற வீடு, கைக்குழந்தையோ படுக்கையில் நோயாளியோ இருக்கிற வீடு என்றால் தயங்காமல் ஐந்து ஸ்டார் வாங்குங்கள். எந்த ஏ.சி.யானாலும் 24 டிகிரியில் வைத்து, ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஆறு சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020-லிருந்து எல்லா ஏ.சி.யும் 24-ல்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி வந்ததும் அதனால்தான்.

ஏர்கூலர் கரண்ட் குறைவாகத்தான் எடுக்கும், 150, 200 வாட். காற்று காய்ந்திருக்கிற கத்திரி வெயில் பகலில் நன்றாகவே ஆற்றும். இங்கே அதன் எதிரி உப்புத் தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி வரும் பாலாறுதான் விரிஞ்சிபுரத்துக்கும் வருகிறது. தோல் பதனிடும் கழிவு இந்தப் படுகையில் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதற்கு 1996 ஆகஸ்டில் வந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்காக இன்னொரு முறை அந்த நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உப்பு வீட்டுக்குள்ளும் வருகிறது. போர் தண்ணீர் ஊற்றிய கூலரின் பேட் ஒரே கோடையில் வெள்ளையாக இறுகிவிடும். கீசர் காயிலைக் கழற்றினால் விரல் கனத்துக்கு உப்புப் படிந்திருக்கும். அந்த உப்புப் படிவைத் தாண்டித்தான் சூடு தண்ணீருக்குள் போக வேண்டும்; காயில் சீக்கிரம் போய்விடும். தோல் கழிவுக்கு ஆற்றங்கரைக் குடும்பங்கள் கட்டுகிற கட்டணம் எந்த பில்லிலும் தனியாக அச்சாவதில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

கீசருக்கு இந்த ஊரில் மார்கழி, தை தவிர வேலை குறைவு. ஒரு பக்கெட் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். நால்வர் குளித்தால் இரண்டு மாதத்துக்கு எண்பது சொச்சம். அந்த மாதங்களில் ஏ.சி. ஓடாது என்பதால் ஐநூற்றுக்குள் அடங்கிவிடும். தென்னை மட்டையும் பன்னாடையும் கிடைக்கிற வீடுகள் வெளியடுப்பில் தண்ணீர் காய்ச்சுவதை விட வேண்டியதில்லை.

மாதா மாதம் ரீடிங் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. அந்த வாக்குறுதி கொடுத்தது. 2025 கோடை வரை அது வரவில்லை. ஆனால் படிகளைப் பாதியாக்கி, மாதம் 50 இலவசம், 250-ல் எல்லை என்று வைத்தால் பலருக்கு பில் கூடத்தான் செய்யும். ஒரு மாதம் 150, மறு மாதம் 360 ஓட்டிய வீடு மேலே சொன்ன கட்டணத்தில் 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய் கட்டுகிறது. அப்படிப் பிரித்தால் 2,359 கட்ட வேண்டிவரும். மாதம் 100 இலவசம், மாதம் 500 எல்லை என்று வந்தால் மட்டுமே அது சலுகை. கேட்கும்போது இதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷனுக்கு சப்மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வசூலிக்கும் வீடுகள் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை நிறைய. அங்கே உங்களுக்குரிய 100 இலவச யூனிட்டும் போய்விடுகிறது, 2.35 படியும் போய்விடுகிறது. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லி ஓனரிடம் பேசுங்கள். எல்லாக் குடித்தனமும் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

சொந்த மொட்டைமாடி உள்ளவர்கள் சூரிய ஒளிக்கு ஒன்றிய அரசு தரும் மானியத்தைப் பார்க்கலாம். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றுக்கு 78,000. பேனல் தளத்துக்கு நிழலும் தரும். அதன் கணக்கு நீளமானது. அடுத்த வாரம் முழுக்க அதுதான்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாவது நாள், மீட்டர் எண்ணைப் பார்த்து, அட்டையிலுள்ள எண்ணைக் கழியுங்கள். 250-க்கு மேல் போயிருந்தால், உங்களுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

(தொடரும்)