புகைபோக்கியின் இழுப்பும் விறகுச் செலவும்

வ. புதுப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கங்களில் விறகும் தென்னை மட்டையும் எரித்து வெந்நீர் போடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. புகைபோக்கியில் சூடான புகை மேலெழும்பவே, அடியில் புதுக்காற்று புகுந்து தீ வளருகிறது. இவ்விழுப்பு மிஞ்சினால், தண்ணீரில் ஏறவேண்டிய உஷ்ணம் புகையோடு வெளியேறி விறகு வீணாகும்; குறைந்தாலோ புகை வீட்டினுள் திரும்பும்.

ஹைதராபாத் என்ஜினீயரிங் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு அமைத்து, 1953-இல் வெளிவந்த தமது நூலில் விவரித்த புகையில்லா அடுப்பில், இதற்கெனப் புகைபோக்கியில் அடைப்புத் தகடு ஒன்று உண்டு. அதனைக் குடியானவர்கள் தங்கள் வெந்நீர் அடுப்பிலும் அமைத்துக்கொள்ளலாம்.

கையாளும் முறை:

1. தீ மூட்டுகையில் தகட்டை முழுதும் திறந்து வைக்கவும்.
2. தீ நன்கு பற்றியபின் சிறிது சிறிதாக மூடவும். அடுப்பு வாயில் புகை தலைகாட்டினால் சற்றே திறக்கவும்.
3. தணல் உள்ளவரை முற்றும் மூடலாகாது. நிறமும் மணமுமற்ற நச்சு வாயு வீட்டில் தங்கி உயிருக்கே அபாயம் விளைக்கும். தகட்டின் மூலையை வெட்டிவிடுதல் நலம்.
4. பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. ஆகவே பிளந்து, பல மாதம் நிழலில் உலர்த்தியே எரிக்கவும்.
5. புகைக்கரியை அடிக்கடி துடைக்கவும்.

செலவு ஒரு தகட்டுத் துண்டே. மிச்சம் விறகும் பெண்டிர் குழந்தைகளின் சுகமும் ஆகும்.