மொட்டைமாடிக்குத் தேக்கு நாற்காலியா? பாலிஷ் போடும் முன் பாருங்கள்!

பால்கனியில் ஒரு பெஞ்ச், மொட்டைமாடியில் நான்கு நாற்காலி, சாயங்காலம் அங்கேயே காபி. இந்த ஆசையோடு கடைக்குப் போனால், "ஒரிஜினல் தேக்கு சார், வெயில், மழை எதுவும் செய்யாது" என்பார்கள். அது பாதி உண்மை. வெயில், மழையைத் தாங்குவது தேக்கின் வைரம் மட்டும்தான்.

மரத்தின் நடுவே தங்கப் பழுப்பு நிறத்தில் இருப்பது வைரம். அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதிக்கு அந்தப் பலம் இல்லை. நனைந்து, காய்ந்து, சீக்கிரமே உளுத்துவிடும். இளசிலேயே வெட்டிய மரத்தில் இந்த வெள்ளைதான் அதிகம். சிக்கல் என்னவென்றால், அடர்நிற பாலிஷ் ஏற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே பாலிஷ் போடாத நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நாற்காலியைக் கவிழ்த்து இருக்கையின் அடியையும் கால் நுனியையும் பாருங்கள். அங்கே பாலிஷ் சரியாக ஏறியிருக்காது!

'பர்மா தேக்கு' என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். உருட்டு மர ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இன்று இறக்குமதியாவதில் கானா, ஈக்வடார் தோட்டத் தேக்கும் உண்டு. அதிலும் நல்ல வைரம் கிடைக்கும். பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம்தான் வீண். பர்மா தேக்கேதான் வேண்டுமென்றால், இடித்த பழைய வீடுகளின் உத்திரம், தூண்களைத் தேடலாம். செட்டிநாட்டு வீடுகளில் அது ஏராளம். பழைய ஆணிகள் உள்ளே இருக்கின்றனவா என்று ஆசாரியை விட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இருக்கை ஒரே பலகையாக இல்லாமல், தண்ணீர் வடிய இடைவெளி விட்ட சட்டங்களாக இருப்பது நல்லது. கடலோர ஊரில் இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். துரு கறுப்புக் கறையாக மரத்தில் இறங்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ கேளுங்கள். கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் மாட்டினால் தேங்கிய நீரை மரம் உறிஞ்சாது.

பட்ஜெட் இடிக்கிறதா? வெள்ளை கலந்த நான்கு நாற்காலியைவிட, முழு வைரத்தில் ஒரு பெஞ்ச் மேல்.

வெயிலில் கிடக்கும் தேக்கு சில மாதங்களில் சாம்பல் நிறமாகும். பதற வேண்டாம், நிறம் போவது மேல்தோலில் மட்டும்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும். இதற்குப் பயந்து வார்னிஷ் அடித்தால் வெயிலில் பொரிந்து உரியும். பிறகு சுரண்டுவதும் அடிப்பதுமே வேலையாகிவிடும். மற்றபடி, மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.