மெரினா பே கேசினோ: நமக்கு மட்டும் ஏன் இலவசம்?

மதுரையிலிருந்து சிங்கப்பூர் டூர் போறவங்க கேக்குற கேள்வி: "மெரினா பே சாண்ட்ஸ் கேசினோவுல ஒரு கை பார்க்கலாமா?"

2008-ல் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம் நடந்த கடலோரப் பகுதி அது. 2010-ல் கேசினோவும் வந்தது. சொந்த மக்கள் சூதாட்டத்துக்கு அடிமையாகக் கூடாதுன்னு, உள்ளே போக அவங்களுக்கு 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்டணம். 21 வயது முடிந்த வெளிநாட்டவருக்கு இலவசம்!

இப்போ கணக்குக்கு வாங்க. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஒரு எண்ணில் கட்டி ஜெயிச்சா லாபம் 35 மடங்கு. நியாயமா 36 வரணும். அதனால, கட்டுற ஒவ்வொரு 1,000 ரூபாய்க்கும் சராசரியா 27 ரூபாய் நஷ்டம். ஒரு சுற்று நீங்க ஜெயிக்கலாம். ஆட ஆட, கணக்குதான் ஜெயிக்கும்.

விளக்கு அலங்காரத்தை வெளியே நின்னு பாருங்க. அதுவும் இலவசம்தான்!