வீட்டோடு இருந்த பாட்டு ஊருக்கு வந்தது!

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும், உப்பும், முத்தும் நினைவுக்கு வரும். இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் இதே மாவட்டத்தில் இன்னொரு செல்வம் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. அதுதான் பாட்டு.

அது தானாக வந்துவிடவில்லை.

எட்டயபுரத்தில்

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஊர் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர். திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் இங்கே வந்தார். 1835-ம் ஆண்டு தீபாவளி அன்று இங்கேயே காலமானார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அரண்மனை வித்துவான். நம் இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடி.

அந்தக் காலத்தில் குரு பாடுவார். சீடன் கேட்டுத் திரும்பப் பாடுவான். சீடன் இல்லை என்றால், குருவோடு பாட்டும் போய்விடும்.

முத்துசாமி தீட்சிதரின் பாட்டுகள் பல, குடும்பத்தாரிடமே தங்கின. அவற்றைக் காத்தவர் பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். பாட்டனாரே அவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார்.

மன்றாடிய முதலியார்

சென்னையில் சின்னசாமி முதலியார் என்று ஒருவர் இருந்தார். கிறிஸ்தவர், சர்க்கார் உத்தியோகஸ்தர். நம் பாட்டுகள் அழியக்கூடாதே என்று, மேல்நாட்டு இசைக் குறிப்பில் எழுதி 1893-ல் அச்சிட்டவர். சுப்பராம தீட்சிதரிடம் உள்ள பாட்டுகள் அச்சில் வரவேண்டும் என்று எட்டயபுரம் ராஜாவிடம் அவர் மன்றாடினார்.

பரம்பரைச் சொத்தை ஊருக்குக் கொடுப்பதா? தீட்சிதர் தயங்கினார். ராஜா கேட்டுக்கொண்டார். பெரியவர் இசைந்தார்.

அறுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து எழுதினார். 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் சுமார் 1,700 பக்கம்! முத்துசாமி தீட்சிதர் பாட்டு மட்டும் 200-க்கு மேல். குரலை எங்கே அசைப்பது, எங்கே வழுக்குவது என்பதற்கும் தனித்தனி அடையாளம் போட்டிருந்தார்.

1906-ல் அவர் மறைந்தார். பாரதியார் இரங்கற்பா பாடினார். பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி அந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தது.

இன்று பிள்ளைகள்

இன்று தூத்துக்குடியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வாய்ப்பாட்டு, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் சொல்லித் தருகிறார்கள். மூன்று ஆண்டுப் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரம் கற்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பாட்டனார் வித்துவானாக இருக்க வேண்டியதில்லை!

முத்துசாமி தீட்சிதர் இளமையில் வெள்ளைக்காரர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சிறு பாட்டுகள் கட்டினார். 'நோட்டு' என்று அவற்றுக்குப் பெயர். பாட்டு கற்கத் தொடங்கும் குழந்தைகள் இன்றும் அவற்றைக் குதூகலமாகப் பாடுகிறார்கள்.

உங்கள் வீட்டில்?

பாட்டி தாலாட்டுப் பாடுவாரா? தாத்தா வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடியவரா? அவையும் பரம்பரைச் சொத்துதான். ஒரு மாலை நேரம் அவர்களைப் பாடச் சொல்லுங்கள். பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எழுதி முடித்ததும், அவனையும் பாடச் சொல்லுங்கள்.