எழுபத்திரண்டு மணித்தியாலங்கள்

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது அது இல்லாமலேயே உறவு நடந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்தே நேரம் ஓடத் தொடங்குகிறது.

எச்.ஐ.வி. வைரஸ் முதலில் நுழைந்த இடத்திலுள்ள நோயெதிர்ப்புக் கலங்களைப் பிடிக்கிறது. சில நாட்களில் நிணநீர்க் கணுக்களுக்கும் குருதிக்கும் பரவுகிறது. தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுத்துக் கலத்தின் மரபணுவுக்குள் செருகிவிட்டால், அதைப் பிடுங்கியெறியும் மருந்து இன்றுவரை கிடையாது. அந்தப் படியெடுப்பையும் செருகலையும் தடுப்பவைதான் ‘பெப்’ மாத்திரைகள். 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாட்கள் விழுங்க வேண்டும். முதல் நாளே தொடங்குவது இன்னும் நல்லது.

கம்பஸ் விடுமுறைக்கு, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பகுதியான டயகமவுக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நாட்களை விழுங்குவது தூரமல்ல, பயம். தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் காலையில் போனவரின் வருத்தம் மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தைப் பற்றி ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். கடிதம் வேண்டாம், கட்டணம் இல்லை, விவரம் வெளியே போகாது. அது மூடியிருக்கும் நாளென்றால் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்க் கேட்க வேண்டும்.

தொற்று அபாயம் தொடர்ந்து இருப்பவர்களுக்கு, முன்கூட்டியே எடுக்கும் ‘பிரெப்’ மாத்திரை உண்டு. தினமும் ஒழுங்காக எடுத்தால், உடலுறவால் தொற்றும் வாய்ப்பு சுமார் 99 சதவீதம் குறைகிறது. ஆனால் கிரந்தியையோ கர்ப்பத்தையோ அது தடுக்காது; ஆணுறை தேவைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபவிர் ஊசியும் வந்துவிட்டது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொன்னது.

பரிசோதனையை அவசரப்பட்டு மறுநாளே செய்தால் பயனில்லை. நான்காம் தலைமுறைக் குருதிப் பரிசோதனை தொற்றைக் காட்ட 18 முதல் 45 நாட்கள் ஆகும். விரல்நுனிச் சோதனைக்கு 90 நாட்கள்வரை ஆகலாம்.

தொற்று உறுதியானாலும் இன்று சிகிச்சை உண்டு; முன்பு அப்படியில்லை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, ஆசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார். அன்று கொடுப்பதற்கு அங்கீகாரம் பெற்ற ஒரு மாத்திரைகூட இல்லை. பின்னர் சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு, தொற்றுள்ளவர் முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் அவருடைய துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011இல் காட்டியது. இன்று பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரையே போதும். குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது.