ஹிமா: காப்பு நிலம் யாருக்காக?

பாலைவனங்களையும் மலைத்தொடர்களையும் காப்பகங்களாக அறிவித்து, நடைப்பயணத்திற்கும் மலையேற்றத்திற்கும் கூடார வாசத்திற்கும் மக்களை அங்கு அழைக்கும் போக்கு அரபு நாடுகளில் வளர்ந்து வருகிறது. இதனை மேலை நாடுகளிலிருந்து வந்த ஏற்பாடாகக் கருதுவோர் நம்மில் பலர். ஆயினும், நிலத்தை வரையறுத்துக் காக்கும் ‘ஹிமா’ என்னும் வழக்கம் அரபு மண்ணில் இஸ்லாத்திற்கும் முந்தியது. இஸ்லாம் அதனை ஒழித்துவிடவில்லை, திருத்தி அமைத்தது. அத்திருத்தம் எத்தகையது என்பதை அறிந்தால், இன்றைய காப்பகங்களை எடைபோட ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கும்.

ஹிமா என்றால் காக்கப்பட்ட இடம், பிறர் நுழையத் தடுக்கப்பட்ட இடம் என்று பொருள். அறியாமைக் காலத்தில் வலிமை மிக்க தலைவன் ஒருவன் செழிப்பான இடத்தைக் கண்டால், மேடான ஓரிடத்தில் நாயைக் குரைக்கச் செய்வான். அவ்வொலி எட்டும் தொலைவுவரை நாற்புறமும் அவனுடைய ஹிமா ஆகிவிடும். பிறர் கால்நடைகள் அங்கே நுழையக் கூடாது; அவனோ பிறருடைய மேய்ச்சல் நிலங்களிலும் பங்கு கொள்வான். இவ்வழக்கத்தை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விவரித்துள்ளார்கள். தக்லிப் குலத் தலைவன் குலைப், தன் ஹிமாவில் புகுந்த அயலார் பெண் ஒட்டகத்தின் மீது அம்பெய்ததே பஸூஸ் போருக்குக் காரணமாயிற்று என்பது அரபு இலக்கியம் பயின்றோர் அறிந்த செய்தி.

ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே உரியது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது இந்தத் தனியுரிமை வீழ்ந்தது. பொதுநலனுக்காக அன்றி எவரும் நிலத்தை அடைத்து வைக்கலாகாது என்பதே இதன் கருத்து. மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஉ என்னும் இடம் முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காக்கப்பட்டது. பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை ஹிமாவாக அறிவித்தார்கள்.

அப்பொறுப்பில் அமர்த்திய ஹுனை என்பவருக்கு அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகிய செல்வர்களின் மந்தைகள் குறித்து எச்சரிக்கையாய் இருக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தாலோ அவன் பிள்ளைகளோடு வந்து முறையிடுவான் என்பது அவர்கள் கூறிய காரணம். அத்துடன், அந்த நிலம் அம்மக்களின் சொந்த நாடே என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். அநீதி இழைக்கப்பட்டோரின் பிரார்த்தனைக்கு அஞ்சுமாறு ஹுனைக்கு அறிவுறுத்தியதும் இதே உரையில்தான்.

இதனை அடியொற்றியே, அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலில் இமாம் மாவர்தீ (ரஹ்) சட்டம் வகுக்கிறார்கள். ஹிமாவை ஏழைகளுக்கென ஒதுக்கலாம். ஏழைகளை விலக்கிச் செல்வர்களுக்கென ஒதுக்குதல் கூடாது. ஹிமாவில் மேய்ப்பதற்காக மந்தை உடையோரிடம் ஆட்சியாளர் கட்டணம் பெறுவதும் கூடாது.

இனி இன்றைய காப்பகங்களுக்கு வருவோம். ஜோர்டானின் தென்பகுதியிலுள்ள வாதி ரம் 1998-இல் காப்பகமாயிற்று; 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர் பரப்பில் செம்மணலும் செங்குத்தான பாறை மலைகளும் விரிந்துள்ளன. ஏறத்தாழ 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் அங்குள்ளன. 1984-இல் பிரித்தானிய மலையேறிகள் வந்து ஏறு வழிகளைப் பதிவு செய்தபோது, அவற்றுள் பல, மலையாடுகளை வேட்டையாடிய பதூ மக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த வழிகளே என்பது தெரிந்தது. இன்று ஜீப்பிலும் ஒட்டகத்திலும் பயணிகளை அழைத்துச் செல்வோர் அம்மக்களே. வருவாய் அவர்களைச் சேர்கிறது. ஆயினும் பெருகிவிட்ட வண்டித் தடங்கள் செடிகளை நசுக்குகின்றன. கூடார விடுதிகளும் பெருகிவிட்டன.

ஜோர்டானின் மற்றொரு காப்பகமாகிய தானா 1989-இல் நிறுவப்பட்டது. 1,500 மீட்டர் உயர மேட்டுநிலத்திலிருந்து கடல்மட்டத்திற்கும் கீழான வாதி அரபா வரை அது இறங்குகிறது. அடிவாரத்தில் ஃபைனான் என்னுமிடத்தில் 2005-இல் திறக்கப்பட்ட விடுதி சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்குகிறது. அங்கு பணிபுரிவோரும் வழிகாட்டுவோரும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தினர். 2021-இல் செப்புக் கனிமத்திற்காகக் காப்பகத்தின் எல்லையை மாற்ற அரசு முற்பட்டபோது நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

பொழுதுபோக்கிற்காக வரும் பயணியிடம் கட்டணம் பெற்று அந்நிலத்தைப் பேணுவதில் குறையில்லை. பூமியில் பயணித்துப் படைப்பைச் சிந்திக்கத் திருக்குர்ஆனே அழைக்கிறது. ஆனால் பயணியின் மகிழ்ச்சிக்காக மேய்ப்பனின் ஆடு விரட்டப்படுமாயின், அல்லது செல்வாக்குடையோருக்காக எல்லைகள் நகர்த்தப்படுமாயின், அது குலைபின் ஹிமாவே அன்றி உமர் (ரலி) அவர்களின் ஹிமா ஆகாது. மேய்ச்சலைக் கட்டுப்படுத்த நேர்ந்தாலும், மாற்று வாழ்வாதாரம் அம்மேய்ப்பனுக்கே முதலில் கிடைத்தல் வேண்டும். ஒரு காப்பகத்தின் சிறப்பை அதன் பரப்பைக் கொண்டோ வருகையாளர் தொகையைக் கொண்டோ மட்டும் அளவிடலாகாது. அதன் வாயிலில் யார் தடுக்கப்படுகிறார், யார் உள்ளே விடப்படுகிறார் என்பதையே நாம் முதலில் நோக்க வேண்டும்.